நெஞ்சுக்குள் ஒரு காலி அறை

காசநோய் வந்தது, மாத்திரையில் போனது. போகும்போது நுரையீரலில் ஒரு பொந்தை விட்டுவிட்டுப் போனது. எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்து டாக்டரம்மா சொன்னார்: "அண்ணாச்சி, இந்தக் காலி இடத்துல பூசணம் குடியேறிச்சுன்னா வருஷக்கணக்கா கிளம்பாது. மக்கின தூசி பக்கமே போகாதீங்க."

இடங்கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவான் என்பார்கள். சரிதான். ஆனால் நான் தூத்துக்குடியில் பழைய சாக்கு வியாபாரி. துறைமுகத்துச் சரக்குக் கிட்டங்கிகளில் நனைந்து கிடந்த சாக்கை வாங்கி, உதறி, தைத்து விற்கிறவன். பூசணத்தில்தான் பிழைப்பே.

"கடையை மூடுங்க" என்றாள் மனைவி.

"சோத்துக்கு?"

நடுவே புகுந்தான் அவள் தம்பி, சங்கு குளிக்கிறவன். "அத்தான், கடலுக்கடியில காத்தே கிடையாது. நாங்க உசிரோட வரலியா?" படகிலிருந்து காற்றுப் பம்பு, நீளக் குழாய், கண்ணாடி முகமூடி எல்லாம் கடையில் வந்து இறங்கின.

முகமூடி மாட்டி, குழாயைக் கடித்துக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்தேன். பேச வழியில்லை. அந்தக் காலத்து முத்து வியாபாரம் மாதிரி துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை சொன்னேன். கருவாட்டு வியாபாரி ஒருத்தர் குனிந்து பார்த்து, "என்ன அண்ணாச்சி, இங்கன சங்கு கிடைக்கா?" என்றார்.

ஒருநாள் துணி காயப்போடக் கொல்லைக்குப் போன மனைவி தம்பியைக் கூப்பிட்டு அலறினாள். "ஏலே கூறுகெட்டவனே, இங்கன வந்து பாரு!"

இரைச்சல் தாங்காமல் பம்பைக் கொல்லையில் வைத்திருந்தோம். கடைக்குள் தூசி வரக்கூடாதென்று சாக்கு உதறுவதையும் கொல்லைக்கே மாற்றியிருந்தோம். உதறின தூசி மொத்தத்தையும் பம்பு இழுத்து இழுத்து எனக்கு அனுப்பிக்கொண்டிருந்தது.

"வாசல்ல மூக்கைப் பொத்திட்டு, கொல்லையில இருந்து பூசணத்தைக் குழாய் போட்டுல்லா ஊட்டியிருக்க!"

தம்பி தலையைச் சொறிந்தான். "கடல்ல மேல காத்து சுத்தமா இருக்கும்க்கா."

அன்றைக்கே உதறல் நின்றது. பழைய சாக்கு அத்தனையும் போய், புது நைலான் சாக்கு வந்தது. மணமும் கிடையாது, லாபமும் பாதிதான். ஆனாலும் குறை சொல்ல மனசு வரவில்லை. சும்மா தொண்டையைச் செருமினாலும் அவள் முகம் வெளிறிப்போகும்.

அடுத்த எக்ஸ்ரேக்கு அவளும் கூட வந்தாள். டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். யாரும் சொல்லாமலே மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

"காலியாத்தான் இருக்கு. மூச்சு வாங்கினாலோ சளியில ரத்தம் பார்த்தாலோ உடனே வந்துரணும்."

வெளியே வந்ததும் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "காலி அறைக்குக் குடி வரலைன்னு கும்பிடு போடுற வீட்டுக்காரி ஊருலயே நான் ஒருத்திதான்."