அண்ணி சாப்பிட்ட மாத்திரை

ஒல்லி என்று சொன்னால்தான் அந்தத் தையல் கூடத்தில் அவளைத் தெரியும். சட்டைகளுக்குப் பொத்தான் துளை போடுகிற காஜா வேலை. கை பறக்கும், வயிறுதான் காலை வாரிவிடும். கழிவறைக்கும் மெஷினுக்கும் அவள் நடக்கிற நடையைச் சொல்லி சூப்பர்வைசர் கிண்டலடிப்பார். அவளும் சேர்ந்து சிரித்துவைப்பாள், வேறென்ன செய்ய? பிறக்கும்போதே அம்மாவிடமிருந்து எச்.ஐ.வி. வந்துவிட்டது. தினசரி மாத்திரை கிருமியை அடக்கி வைத்திருந்தது. குடல் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

அம்மா போன பிறகு அண்ணன் வீட்டில் வாசம். அண்ணன் அவள் வாயைக் கட்டிப் போட்டிருந்தான். "அண்ணிக்குத் தெரிஞ்சா குழந்தையைத் தூக்கிட்டு அவங்க அம்மா வீட்டுக்குப் போயிடுவா" என்பான். நல்லவள்தான் அண்ணி, வாய் கொஞ்சம் நீளம், அவ்வளவே. அவளிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட மாட்டோமா என்று ஒல்லி ஏங்கிய ஏக்கம் கொஞ்சநஞ்சமல்ல. பேச்சு தொண்டைவரை வரும். மென்று முழுங்கிவிடுவாள்.

அப்போதுதான் ஆஸ்பத்திரியில் இவளைப் போன்ற இளசுகளுக்கு ஒரு புது மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். உள்ளே தயிரில் இருப்பது போன்ற நல்ல கிருமிகள். குடல் தேறினால் எதிர்ப்பு சக்தியும் தேறுமா என்று ஆராய்ச்சி. பாதிப் பேருக்கு வெறும் மாவு. யாருக்கு எது என்று கொடுக்கிற நர்ஸுக்கே தெரியாது. ஃப்ரிட்ஜில்தான் வைக்க வேண்டுமாம். மறைக்க வழியில்லாமல், "வயித்துக்கு நல்லது அண்ணி" என்று சொல்லி வைத்தாள்.

அடுத்த முறை போனபோது நர்ஸ் டப்பாவைக் கொட்டி எண்ணினார்.

"நாலு குறையுதேம்மா. ஜாஸ்தி சாப்பிட்டியா?"

இல்லை என்று சொல்லும்போதே ஒல்லிக்கு விளங்கிவிட்டது. அண்ணிதான் எடுத்திருக்க வேண்டும்.

"வீட்ல யாராவது போட்டிருந்தா பயமில்ல. ஆனா எங்களுக்குத் தெரியணும். கேட்டுச் சொல்லு."

வீட்டில் அண்ணி குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"ஆமாடி, வயிறு உப்பிட்டு இருந்துச்சு, எடுத்துப் போட்டுக்கிட்டேன். அதுக்கு ஏன் இப்படி முழிக்கிறே? ரொம்ப விலையா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் தப்பித்துவிடலாம். ஒல்லியால் முடியவில்லை. நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

தட்டிக்கொண்டிருந்த கை நின்றது.

"அந்த மாத்திரையால எனக்கு...?"

"ஒண்ணும் ஆகாது அண்ணி."

"உன்கூட ஒரே வீட்ல இருக்கிறதால?"

"அதனாலயும் வராது."

அண்ணி குழந்தையை ஒல்லிக்கு எட்டாத மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள். ஒல்லி அதைப் பார்த்தாள். வலித்தது. மூட்டை கட்டப்போவது அண்ணியா, தானா என்றுதான் யோசனை ஓடியது.

உள்ளே போன அண்ணி வெகுநேரம் கழித்து வந்தாள். முகம் கழுவியும் கண் சிவப்பு போகவில்லை. குழந்தை இன்னும் அதே தோளில்தான்.

"ஆஸ்பத்திரிக்கு யாரு கூடப் போறே?"

"யாருமில்ல அண்ணி."

"அத்தை போனதிலேர்ந்தா?"

ஒல்லி தலையாட்டினாள்.

"அடுத்த தடவை நான் வரேன். எனக்குப் பயமாத்தான் இருக்கு, இல்லேன்னு சொல்லல. அந்த நர்ஸ்கிட்ட எல்லாத்தையும் கேக்கணும். உன் பக்கத்துல உக்காந்துதான் கேப்பேன்."