மடங்காத விரல்

என் அம்மாவின் இடது கை ஆள்காட்டி விரல் நடிக்கிறது என்று எங்கள் வீட்டில் ஏறக்குறைய ஒரு மாதம் பேசிக்கொண்டார்கள். விரலைச் சொன்னார்கள் என்றால் விரலுக்குரியவளைச் சொன்னார்கள் என்றுதான் பொருள். அப்போது நான் ஆறாம் வகுப்பு. மாரண்டஹள்ளிக்குப் பக்கத்தில் எங்களுக்கு இரண்டு ஏக்கர் மேட்டு நிலமும், பாதி வருடம் தண்ணீர் இருக்கும் ஒரு கிணறும், முன்கோபமுள்ள ஒரு கறவை மாடும் இருந்தன.

கேழ்வரகு அறுப்பில் நடந்தது அது. அம்மா இடது கையால் கதிர்களைக் கொத்தாகப் பிடித்து, வலது கையால் அறுத்துக்கொண்டே போனாள். எதிர் வரிசையில் யாரோ ஏதோ சொல்ல, சிரித்துக்கொண்டே நிமிர்ந்திருக்கிறாள். அரிவாள் ஆள்காட்டி விரலின் அடியில், உள்ளங்கைப் பக்கமாக இறங்கிவிட்டது. ரத்தம் நிறைய வந்ததே தவிர காயம் சின்னதுதான். அப்பா தோளில் கிடந்த துண்டைக் கிழித்துக் கட்டி, வண்டியில் உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், மூன்று தையலோடு திரும்பக் கூட்டி வந்தார். விரல் மடங்காவிட்டால் உடனே வரவேண்டும் என்று தையல் போட்டவர் சொல்லியனுப்பினாராம். ஊசி, மாத்திரை, தண்ணீர் படக்கூடாது என்பதையெல்லாம் அப்பா நினைவு வைத்திருந்தார். இதை மட்டும் மறந்துவிட்டார்.

கட்டு அவிழ்த்த அன்று தழும்பு இரண்டு அரிசி நீளத்துக்கு மேல் இல்லை.

"மேல ரெண்டு கணுவும் மடங்கலீங்க" என்றாள் அம்மா.

"தையல் போட்ட எடம், இறுக்கமாத்தான் இருக்கும். எண்ணெ போட்டு நீவு, சரியாப் போயிரும்" என்றார் அப்பா.

அம்மா நீவினாள். விரல் அடிக்கணுவில் நன்றாகவே மடங்கியது. அதற்கு மேலே இருந்த இரண்டு கணுக்களும் குச்சி மாதிரி நீட்டிக்கொண்டு நின்றன. ஒரு பக்கம் மடங்கி மறு பக்கம் மடங்காமலிருந்ததுதான் அவளுக்கு வினையாகப் போயிற்று. மொத்தமாக மடங்காமல் போயிருந்தால் நோய் என்று ஒப்புக்கொண்டிருப்பார்கள்.

காரிமங்கலம் சந்தைக்குப் போனபோது அப்பா அவளையும் கூட்டிப்போய், எலும்பு முறிவுக்குக் கட்டுப்போடும் ஒருவரிடம் காட்டினார். அவர் தடவிப் பார்த்துவிட்டு எலும்பு கெட்டியாக இருக்கிறது என்றார். அத்தோடு அப்பாவின் கவலை தீர்ந்தது. எலும்பு நன்றாயிருக்கும்போது விரல் மடங்கித்தானே ஆகவேண்டும்? கதவு நன்றாயிருந்தால் அது தானாகத் திறந்து மூடும் என்று நினைப்பது மாதிரி.

பால் கறப்பதுதான் பெரிய தொல்லையாகிவிட்டது. அம்மாவின் இடது கை காம்பைப் பிடித்தால் ஆள்காட்டி விரல் தனியாக நீட்டிக்கொண்டு மடியில் குத்தியது. மாடு உதைத்தது. அப்பா ஒரு நாள் கறக்க உட்கார்ந்தார். மாடு அவரையும் பால் குண்டாவையும் ஒரே உதையில் தனித்தனித் திசைகளுக்கு அனுப்பியது. அதற்குப் பிறகு அப்பாவின் அக்கா, அடுத்த தெருவில் இருக்கும் என் அத்தை, காலையும் மாலையும் வந்து கறந்து கொடுத்தாள். கறப்பதற்கு அவள் எடுத்துக்கொண்ட கூலி பேச்சுதான்.

"அடியில மடங்குதாம், மேல மடங்காதாம். நானும் நாலு புள்ள பெத்தவ, இப்பிடி ஒரு நோவ கேள்விப்பட்டதில்ல" என்பாள் மாட்டிடம். பதில் சொல்லவேண்டியவள் அடுப்படியில் இருப்பாள்.

ஒரு நாள் அம்மாவின் முகத்துக்கு நேராகவே கேட்டாள்: "ஏம்மே, மனசு வெச்சு மடக்கிப் பாத்தியா?"

"மடக்கறேன் அண்ணி. வெரலுக்குப் போய்ச் சேரமாட்டேங்குது."

இந்தப் பதிலை அத்தை தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அந்த நாட்களில் எனக்கு வேறு ஒரு பைத்தியம் பிடித்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் கோழிக்கால்களை வெட்டி ஒரு கூடையில் போடுவார்கள். அப்பா கறி வாங்கும்போது கடைக்காரரிடம் கேட்டு ஒன்றை நான் வாங்கி வந்தேன். நறுக்கிய வாயில் வெள்ளை வெள்ளையாக நூல்கள் எட்டிப் பார்த்தன. பின்பக்கத்து நூலைப் பிடித்து இழுத்தேன். கோழியின் விரல்கள் மூன்றும் மெல்ல மடங்கி என் சுட்டுவிரலைப் பிடித்துக்கொண்டன. அலறிக்கொண்டு தூக்கிப் போட்டேன். பிறகு தேடி எடுத்து மறுபடி இழுத்தேன். முன்பக்கத்து நூலை இழுத்தால் விரல்கள் விரிந்தன. கோழி உள்ளே குழம்பில் கொதித்துக்கொண்டிருந்தது. அதன் கால் வெளியே என் கையில் பென்சிலைப் பிடித்துக்கொண்டிருந்தது.

உயிரோடு இருக்கும் கோழியில் இந்த நூலை இழுப்பது யார் என்று எனக்கு ஒரே யோசனை. மத்தியானம் சோற்றுத் தட்டில் தொடைக்கறி விழுந்தபோது விடை கிடைத்தது. சதை கீழே போகப் போகக் குறுகி, நுனியில் அதே வெள்ளை நூலாக மாறியிருந்தது. சதை மேலே இருந்துகொண்டு இழுக்கிறது, விரல் கீழே மடங்குகிறது! அப்படியானால் எனக்கு? என் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தோலும் எலும்பும்தான் தட்டுப்பட்டன. இழுக்கிற மாதிரி சதை எதுவும் இல்லை. மணிக்கட்டுக்கு மேலே முன்கையை இறுகப் பிடித்துக்கொண்டு விரல்களை மூடித் திறந்தேன். உள்ளே போர்வைக்குள் எலி ஓடுவது மாதிரி ஏதோ ஓடியது.

அதிலிருந்து ஒரு வாரம் யாருடைய கையும் எனக்குத் தப்பவில்லை. பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவள் கையைக்கூடப் பிடித்து, "அக்கா, வெரல ஆட்டுங்க" என்றேன். விரல்கள் ஆடாமல் இருக்கும்போது முன்கையின் நடுவில் பெருவிரலால் அழுத்தினால் அவை தாமாகவே கொஞ்சம் மடங்குவதையும் கண்டுபிடித்தேன். ஆனால் கையைக் கொடுப்பவர்கள் தளர்த்தி வைக்க மாட்டார்கள். எனக்கு உதவி செய்வதாக நினைத்துத் தாங்களே மடக்கிவிடுவார்கள். அதனால் தூங்குகிறவர்களைத் தேட ஆரம்பித்தேன்.

அடுத்த ஞாயிறு மத்தியானம் அப்பா கட்டிலில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அழுத்தினேன். நான்கு விரல்களும் மடங்கின. கீழே பாயில் அம்மா தூங்கினாள். இடது உள்ளங்கை மேலே பார்க்க விரிந்து கிடந்தது. மற்ற மூன்று விரல்களும் தூக்கத்தில் லேசாகச் சுருண்டிருந்தன. ஆள்காட்டி விரல் மட்டும் நேராக இருந்தது. அவள் முன்கையில் அழுத்தினேன். மூன்று விரல்கள் உள்ளே வந்தன. அது அசையவில்லை. கொஞ்சம் மேலே, கொஞ்சம் பக்கத்தில் என்று இடம் மாற்றி மாற்றி அழுத்தினேன். அசையவே இல்லை.

தூங்குகிறவள் எப்படி நடிப்பாள்?

அப்பாவை எழுப்பினேன். அவர் திட்டிக்கொண்டே எழுந்து, நான் காட்டியதைப் பார்த்தார். பிறகு தன் பெருவிரலால் தானே அழுத்திப் பார்த்தார். தன் கையில் ஒரு முறை, அவள் கையில் ஒரு முறை. இரண்டு பேரும் குந்தியிருந்து தன் கையைப் பிடித்துக்கொண்டிருப்பதைக் கண்டு அம்மா பதறி எழுந்தாள்.

"என்ன பண்றீங்க ரெண்டு பேரும்?"

"அம்மா, உன் நூலு அறுந்துபோச்சு" என்றேன்.

அப்பா எழுந்து போய் அத்தையைக் கூட்டி வந்தார். அம்மாவை மறுபடியும் படுக்கச் சொல்லி, கையைத் தளர்த்தச் சொல்லி, அத்தையும் மூன்று முறை அழுத்திப் பார்த்தாள். "அடப் பாவமே, நெசம்தாண்டா" என்றாள். அன்று மாலை பால் கறக்கும்போது மாட்டிடம் அவள் எதுவும் பேசவில்லை.

மறுநாள் தர்மபுரிக்குப் போனோம். பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு நானும் போனேன். கண்டுபிடித்தவள் இல்லாமல் எப்படி? டாக்டர் ஒரு பெண். அம்மாவின் மணிக்கட்டைப் பின்னால் சாய்த்தார். விரல்கள் தாமாக மடங்கின, ஒன்றைத் தவிர. முன்கையில் அழுத்தினார். நான் அழுத்திய அதே இடம். எனக்கு எழுந்து குதிக்கவேண்டும் போலிருந்தது.

"நரம்பு கட்டாயிருச்சுங்களா?" என்று அப்பா கேட்டார்.

"எல்லாரும் நரம்புன்னுதான் சொல்றாங்க. நரம்பு சேதி சொல்றது. இது தசைநாண், இழுக்கற கயிறு." டாக்டர் தன் கையையே நீட்டிக் காட்டினார். "தசைக்கு ஒரே ஒரு வேலைதான் தெரியும், சுருங்கறது. தள்ளத் தெரியாது. மடக்க ஒரு தசை இழுக்கும், நீட்ட இன்னொரு தசை பின்னால இருந்து இழுக்கும். இவங்களுக்கு மடக்கற கயிறு விரல்ல அறுந்துபோச்சு. தசை வழக்கம்போல இழுத்துக்கிட்டேதான் இருக்குது, முனைதான் உள்ளங்கைக்குள்ள போய்ச் சுருண்டு ஒட்டிக்கிச்சு."

அடிக்கணு மட்டும் எப்படி மடங்குகிறது என்று நான் கேட்டேன். அதை மடக்க உள்ளங்கைக்குள்ளேயே தனியாகச் சின்னச் சின்னத் தசைகள் இருப்பதாகச் சொன்னார். ஒரே விரலுக்கு இத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்பது எனக்குத் தாங்கமுடியாத ஆச்சரியமாக இருந்தது.

முதல் ஒன்றிரண்டு வாரத்தில் வந்திருந்தால் இரண்டு முனைகளையும் இழுத்துத் தைத்திருக்கலாம். இப்போது வேறு இடத்திலிருந்து ஒரு கயிறு எடுத்துப் போடவேண்டும் என்றார். அம்மாவைப் பெருவிரலும் சுண்டுவிரலும் ஒன்றையொன்று தொடும்படி வைத்து மணிக்கட்டை மடக்கச் சொன்னார். மணிக்கட்டின் நடுவில் ஒரு கயிறு எழும்பி நின்றது. அதைத்தான் எடுப்பார்களாம். சிலருக்குப் பிறவியிலேயே அது இருக்காதாம், இல்லாததால் ஒரு குறையும் தெரியாதாம். நான் உடனே என் கைகளைச் சோதித்தேன். வலது கையில் இருந்தது, இடது கையில் இல்லை. அப்பாவுக்கு இரண்டிலும் இருந்தது. தானே திரித்துப் போட்டதுபோல அவர் அதைப் பார்த்துக்கொண்டார்.

டாக்டர் சீட்டு எழுதிக்கொண்டே கேட்டார்: "மடங்கலன்னு எப்பம்மா தெரிஞ்சுது?"

"கட்டு அவுத்த அன்னிக்கே தெரியுமுங்க."

"அப்பவே வூட்ல சொல்லக்கூடாதா?"

அம்மா அப்பாவைப் பார்க்கவில்லை. மேசையைப் பார்த்துக்கொண்டு, "சொன்னேனுங்க" என்றாள்.

அப்பா இருமினார். பிறகு சட்டென்று உற்சாகமாகி, "எம் பொண்ணுதாங்க கண்டுபுடிச்சா, தூங்கறப்போ கைய அமுத்திப் பாத்து" என்று முழுக்கதையையும் சொன்னார். டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். "டாக்டருக்குப் படிக்கறியா?" என்றார். நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் கட்டை விரலால் அந்தத் தழும்பைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

அறுவை சிகிச்சை நடந்தது. அப்புறம் மாவுக்கட்டு, பிறகு மாதக்கணக்கில் பயிற்சி. அம்மா தினமும் கணுவைப் பிடித்துக்கொண்டு, நெற்றி வியர்க்க விரலை மடக்கப் பார்ப்பாள். நான் எதிரில் உட்கார்ந்து கண் கொட்டாமல் பார்ப்பேன். முதல்முறை நுனி ஒரு எள்ளளவு அசைந்தபோது நான்தான் கத்தினேன். அம்மா மூச்சை விட்டுவிட்டு மறுபடி மடக்கினாள். கடைசிவரை அது உள்ளங்கையை முழுதாகத் தொடவில்லை. ஒரு விரற்கடை மிச்சம் நின்றுவிட்டது. ஆனால் பால் கறக்க அது போதும் என்று மாடு ஒத்துக்கொண்டது.

அப்பாவுக்குச் சொல்வதற்கு ஒரு கதை கிடைத்துவிட்டது. தக்காளி மண்டியிலும், கல்யாண வீடுகளிலும், வீட்டுக்கு வருகிறவர்களிடமும் அதைச் சொல்லுவார். "பெரியவங்க எங்களுக்கே தெரியல, ஆறாவது படிக்கற புள்ள கண்டுபுடிச்சிருச்சு" என்று முடிப்பார். கேட்டவர்கள் என் கன்னத்தைக் கிள்ளுவார்கள். சிலர் தங்கள் கையை நீட்டுவார்கள். நான் அழுத்திக் காட்டுவேன். கதை தொடங்கும்போதே அம்மா டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.

ஒரு முறை எனக்குக் கோபம் வந்துவிட்டது. அடுப்படி வரைக்கும் போய், "ஏம்மா, உனக்குப் பெருமையா இல்லையா?" என்று கேட்டேன்.

"இருக்குது பாப்பா" என்றாள். டம்ளர் கழுவுவதை நிறுத்தவில்லை.

எந்தச் சதை இழுத்தால் எந்த விரல் மடங்கும் என்று எனக்கு அப்போது நன்றாகத் தெரிந்திருந்தது. அப்பா சொல்லும் கதையில் அம்மா தினமும் வாயால் சொல்லிக்கொண்டிருந்த அந்த ஒரு மாதம் எங்குமே வரவில்லை என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. தண்ணீர் பட்டு விரல் வலிக்கிறது போலிருக்கிறது என்று நினைத்து, அவள் கையிலிருந்த டம்ளர்களைப் பிடுங்கி நானே கழுவ ஆரம்பித்தேன்.