பைக்குள் அடங்காத ஸ்டூல்

தாம்பரம் பஸ் நிலையத்தில் நானும் மனைவியும் நிற்கிறோம். என் வலது முழங்கால் மடங்காது. நாளைக்குப் பட்டணத்து ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். கோவிலில் எல்லோரும் முழங்காலில் நிற்கும்போது நான் மட்டும் உட்கார்ந்தே ஜெபிக்கிறேன். கர்த்தர் கிருபையால் அந்தக் குறை தீர்ந்துவிடும்.

வேட்டி, துண்டு, பிளாஸ்க், வேதாகமம் எல்லாம் பையில் அடங்கிவிட்டன. சமையலறை ஸ்டூல் மட்டும் மனைவியின் கையில் இருக்கிறது.

பஸ் வருகிறது. கண்டக்டர் ஸ்டூலைப் பார்த்துச் சிரிக்கிறார். "இன்னாம்மா, வூட்டையே காலி பண்ணிகினு வந்துட்டியா?"

"வீடு அங்கேயேதான் இருக்கு தம்பி. உங்க பஸ் படிதான் இவருக்கு எட்டலை."

அவள் ஸ்டூலைப் படியடியில் போடுகிறாள். நல்ல காலை வைக்கிறேன், ஸ்டூல் ஆடுகிறது. கண்டக்டர் சட்டென்று இறங்கி அதைக் காலால் அழுத்திக்கொண்டு, கைகொடுத்து என்னை ஏற்றிவிடுகிறார்.

ஆஸ்பத்திரி வாசலில் நாங்கள் கேட்கும் முன்பே அவரே இறங்கி ஸ்டூலைப் போடுகிறார்.

"கால் சரியானதும் இத்த இங்கியே வுட்டுட்டு வந்துடு சார்."

"விடமாட்டேன் தம்பி. இதை ஒரு கையில் தூக்கிக்கிட்டு உங்க பஸ்ஸிலேயே ஏறுவேன், பாருங்க."