அப்பாசாமியின் கிளாஸ்

சந்திரமதி அக்கா போகிப் படையலில் ஒரு கிளாஸை மட்டும் குப்புற வைப்பார். நாற்பது வருடத்துக்கு மேலாகப் பார்த்து வருகிறேன். மலாக்காவில், காஜா பேராங்கில், கம்போங் செட்டியில் இருக்கும் அந்த வீட்டில், பொங்கலுக்கு முந்திய நாள் இறந்துபோன பெரியவர்களுக்கு வாழையிலை போட்டு, அவரவருக்குப் பிடித்ததைப் படைப்பார்கள். பராச்சு என்று பெயர். மாமனாருக்குப் பிராந்தி, மாமியாருக்கு வெல்லம் போட்ட கோப்பி. இப்படி எல்லா கிளாஸிலும் ஏதாவது இருக்கும். கடைசி இலையில் உள்ள கிளாஸ் மட்டும் வாயைக் கீழே வைத்து நிற்கும். வீட்டுக்குப் புதிதாக வந்த மருமகள்கள், யாரோ தெரியாமல் வைத்துவிட்டார்கள் என்று நினைத்து நிமிர்த்தப் போவார்கள். அவர்களின் மணிக்கட்டை அக்கா பிடித்துக்கொள்வார். காரணம் சொல்லமாட்டார்.

எனக்குக் காரணம் தெரியும். அதில் எங்கள் வீட்டுக்கும் பங்கு உண்டு.

அக்கா பத்து பெரெண்டாம் என்ற ஊருக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். மலாக்காவில் தலைமுறை தலைமுறையாக ஊறிப்போன செட்டிக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு வந்தார். புகுந்த வீட்டில் மலாய்தான் பேச்சு. பின்னால் ஒரு செம்பருத்தி வேலி தாண்டி நாங்கள் வாடகைக்கு இருந்தோம். தமிழ் பேச அவருக்கு எங்கள் வீடு வேண்டியிருந்தது. ஜப்பான்காரன் வந்தபோது எனக்குப் பத்து வயது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. அப்புறம் எனக்கு வேலியோரம்தான் பொழுது.

அக்காவின் கணவர் அப்பாசாமி ஆற்றங்கரையில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியின் மதுபானக் கோடவுனில் ஸ்டோர் பார்த்தார். குடிக்கிறவர் இல்லை. ஆனால் எந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். பிரான்சிலிருந்து ஒரு மலிவான பிராந்தி வரும். எங்கள் வட்டாரத்தில் பிள்ளை பெற்ற வீட்டுக்கும் படையலுக்கும் அதைத்தான் வாங்குவார்கள். மலிவு என்றால் மட்டம் இல்லை என்று அவர் வேலியில் கையை ஊன்றிக்கொண்டு அம்மாவுக்கு விளக்குவார். திராட்சை ரசத்தைச் செப்புக் கொப்பரையில் பழைய முறையிலேயே காய்ச்சி, மரப் பீப்பாயில் வருஷக்கணக்கில் போட்டு வைக்கிறார்களாம். துரைமார் குடிப்பதும் இதே வழியில் வந்ததுதானாம். அதன் மேல் ஒரு பெரிய ஊரின் பெயர் ஒட்டியிருக்கிறது, இதன் மேல் ஒட்டவில்லை, அவ்வளவுதானாம்.

நாற்பத்திரண்டு ஜனவரியில் ஜப்பான் படை நெருங்கியதும், அவர்கள் கையில் சிக்கக்கூடாது என்று சரக்கை எல்லாம் கால்வாயில் கொட்டச் சொல்லி உத்தரவு வந்தது. அப்பாசாமி இரண்டு நாள் பாட்டில் உடைத்தார். கடைசியில் துரை ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னார். விலை உயர்ந்ததெல்லாம் பக்கத்திலேயே இருக்க, அவர் அந்த மலிவுப் பிராந்தியைத்தான் எடுத்து வந்தார். அவருடைய அப்பாவின் இலைக்கு அதுதான் பழக்கம்.

அந்த வருடம் படையல் நடக்கவில்லை. எல்லோரும் தோட்டத்துக்குள் ஓடி ஒளிந்திருந்தோம். அடுத்த வருடம் இலையில் மரவள்ளிக்கிழங்குதான். அப்பாசாமி பாட்டிலைத் திறக்கவில்லை.

"கிழங்குக்குப் பிராந்தி வெச்சா அப்பா சிரிப்பாரு. சோறு வரட்டும்," என்றார்.

சோறு வருவதற்கு முன் அவரைச் சயாமுக்கு ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். நாற்பத்து மூன்று நடுவில். லாரியில் ஏறுவதற்கு முன் அக்காவிடம், பாட்டிலை யாருக்கும் கொடுக்காதே, நானே வந்து திறக்கிறேன் என்று சொன்னார். நானும் அங்கே நின்றேன்.

அடுத்த போகிக்கும் மாமனாருக்குக் கறுப்புக் கோப்பிதான். கொழுந்தனார் சேதுராமன், அப்பா இதைத் துப்பிவிடுவார் என்று முணுமுணுத்தார். அக்கா கேட்டுக்கொண்டார், திறக்கவில்லை. பலர் வந்து கேட்டார்கள். அரிசி தருவதாகக்கூடச் சொன்னார்கள். என் அம்மாதான், யார் கேட்டாலும் கொடுக்காதே என்று அவருக்குத் தைரியம் சொன்னவர்.

நாற்பத்து நான்கு டிசம்பரில் என் கூடப்பிறந்த அக்காள் கமலவேணிக்கு ஆண் பிள்ளை பிறந்தது. கிழங்கு தின்ற உடம்பு. ரத்தம் நிறையப் போய்விட்டது. மத்தியான வெயிலிலும் அவள் கால் சில்லிட்டுக் கிடந்தது. மருத்துவச்சி இஞ்சித் தண்ணீரில் ஒரு கரண்டி பிராந்தி விட்டுக் கொடுக்கச் சொன்னாள், இல்லாவிட்டால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றாள். அம்மா வேலியைப் பார்த்தார். கொடுக்காதே என்று சொன்ன வாயால் போய்க் கேட்க அவருக்குக் கூச்சம். என்னை அனுப்பினார்.

சந்திரமதி அக்கா பின்வாசலில் கிழங்கு துருவிக்கொண்டிருந்தார். நான் போய் நின்றேன்.

"என்ன பிள்ள, பொறந்திருச்சா?"

தலையாட்டினேன்.

"ஒங்கக்கா காலு சில்லுன்னு இருக்கா?"

அதற்கும் தலையாட்டினேன். அவர் கையிலிருந்த கிழங்கைக் கடைசிவரை துருவி முடித்தார். இன்னொன்றை எடுத்தார். கீழே வைத்துவிட்டார். கை கழுவி, காலி அரிசி டின்னுக்குள்ளிருந்து பாட்டிலை எடுத்து, ஈயத்தாளைக் கத்தியால் சுற்றி அறுத்தார். தக்கை பாதியில் ஒடிந்தது. மிச்சத்தை ஆணியால் நெம்பி எடுத்தார். திராட்சை வாசமும் பழைய மரப்பெட்டி வாசமும் கலந்து வந்தன. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அவரு கோடவுன் சட்ட வாசம்," என்றார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் ஒரு கரண்டி அளந்து அவரே கொண்டுவந்து ஊட்டினார். கமலவேணி எழுந்து உட்கார்ந்தாள். பிராந்தியாலா, இஞ்சியாலா, அவள் ஆயுள் கெட்டியா, எனக்குத் தெரியாது. நாங்கள் பிராந்தி என்றே நம்பினோம்.

அதற்குள் போகி வந்துவிட்டது. இலை துடைக்க அம்மாவும் நானும் போயிருந்தோம். சேதுராமன் வழக்கத்தைவிட ஓர் இலை அதிகமாகப் போட்டு, அதில் ஒரு புது கிளாஸை வைத்தார். சயாமிலிருந்து தப்பி வந்த ஒருவன், மலாக்கா ஆட்கள் இருந்த முகாமில் காலரா வந்து யாரும் மிஞ்சவில்லை என்று சொன்னானாம். அவர் மலாயில் பேசியதைத் தமிழில் எழுதுகிறேன்.

"அண்ணன் வந்துதான் திறக்கணும்னு இருந்தீங்க. இப்ப நீங்களே திறந்துட்டீங்க. அப்ப ஒங்களுக்கே மனசுல தெரிஞ்சு போச்சுதானே, அண்ணி?"

அம்மாவின் கையில் துணி அப்படியே நின்றது. நாங்கள் கேட்டதால்தான் பாட்டில் திறந்தது. பாட்டில் திறந்ததால் ஒரு மனிதனுக்குச் சாவு இலை விழுந்துவிட்டது. அம்மா அழ ஆரம்பித்தார்.

"பெத்தவளுக்குத் திறந்தேன்," என்றார் அக்கா. "செத்தவருக்குன்னு திறக்கல."

ஆனால் இலையில் வைத்ததைப் படையல் முடியும்வரை எடுக்கக்கூடாது. அந்த வீட்டில் அது கண்டிப்பு. சேதுராமனுக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும். அக்கா மாமனாரின் கிளாஸை முதலில் நிரப்பினார், மூன்று வருடக் கடனைத் தீர்ப்பதுபோல விளிம்புவரை. பிறகு பாட்டிலோடு கடைசி இலைக்குப் போனார். சேதுராமன் கைகூப்பிக் காத்திருந்தார். அக்கா ஊற்றவில்லை. குனிந்து, கிளாஸை இலைமேலேயே குப்புறக் கவிழ்த்தார்.

"எடுக்கத்தானே கூடாது. இப்படியே இருக்கட்டும். வந்தா அவரே நிமித்திக்குவாரு."

சேதுராமன் கூப்பிய கையை இறக்கினார். பெரியவர்கள் வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே வந்து நின்றோம். மிச்சப் பிராந்தி கமலவேணியின் நாற்பது நாளுக்குச் சரியாகப் போனது.

சண்டை முடிந்து, பிழைத்தவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். எலும்பும் தோலுமாக வந்தவர்களை அக்கா செமாபோக் வரை நடந்து போய் விசாரித்தார். ஒருவர், அப்பாசாமியை ஆஸ்பத்திரிக் கொட்டகையில் கடைசியாகப் பார்த்தேன் என்றார். இன்னொருவர், அதற்குப் பிறகு ஒரு படகில் அவரைப் பார்த்ததாகச் சொன்னார். சாவுச் சேதி என்று யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. சேதுராமன் சில வருடம் போகிக்குப் போகி கிளாஸை நிமிர்த்தச் சொல்லிக் கேட்டார். அப்புறம் கேட்பதை விட்டார். இப்போது அவருக்கும் ஓர் இலை போடுகிறார்கள்.

அக்கா பிறர் வீடுகளில் வேலை செய்து வயிறு கழுவினார். வேறு கல்யாணப் பேச்சு இரண்டு முறை வந்தது. விதவை என்று எழுதிக் கொடுத்தால் உதவிப்பணம் வரும் என்று ஒரு கிளார்க் சொன்னார். அந்த விண்ணப்பப் பாரத்தை வாங்கி வந்து அடுப்புமேடையில் வைத்தார். அது அங்கேயே புகை படிந்து மஞ்சளானது.

அன்று பிறந்த பிள்ளை ஜெயபாலனுக்கு இப்போது நாற்பத்தைந்து ஆகிறது. பொங்கலுக்கு முன் வாரம் அவன்தான் ஒரு பாட்டில் வாங்கிக் கொண்டுபோய்க் கொடுப்பான். பெரிய பெயர் போட்டதை வாங்கினால் அக்கா வாங்கிக்கொள்ளமாட்டார். மலிவான பிரெஞ்சுப் பிராந்திதான் வேண்டும். அதைத் தேடி அவன் நாலு கடை ஏறி இறங்க வேண்டியிருக்கிறது.

போன வருடம் இலை துடைக்கும்போது நானும் அவரும் மட்டும் இருந்தோம். இத்தனை வருடம் கேட்காததைக் கேட்டேன்.

"இன்னும் வருவாருன்னு நெனைக்கிறீங்களாக்கா?"

"இல்ல பிள்ள. நிமித்தி வெச்சா ஊத்தணும். ஊத்தக் கை வரல."

பேசிக்கொண்டே அடுத்த இலையைத் துடைக்கப் போய்விட்டார்.

அவருக்கு இப்போது எழுபத்திரண்டு வயது. இடது கண்ணில் புரை விழுந்திருக்கிறது. முழங்கால் மடங்குவதில்லை, அதனால் இலைகளைக் கீழே போடாமல் மேசைமேல் போடுகிறார்கள். இந்தப் போகிக்கும் ஏழு இலை போட்டார்கள். ஆறு கிளாஸில் ஊற்றினார்கள்.