கோவளத்துக்கு என்ன வேலை

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது பெரியப்பா ஒரு சனிக்கிழமை மாலை ஐந்து பயண அட்டைகளோடு வீட்டுக்கு வந்தார். நீல நிறம், ஏடிஎம் கார்டு அளவு. இனி பஸ்ஸில் சில்லறைக்காகக் கண்டக்டரோடு மல்லுக்கட்ட வேண்டாம், மெஷினில் இதை வைத்தால் போதும் என்று சொல்லி ஆளுக்கொன்று கொடுத்தார். அப்பாவுக்கு, அம்மாவுக்கு, அத்தைக்கு, தனக்கு, கடைசியாக எனக்கு. நான் அதைப் பள்ளிக்கூட ஐடி கார்டு தொங்கும் கழுத்துப் பட்டையிலேயே செருகிக்கொண்டேன். தூங்கும்போது மட்டும்தான் கழற்றுவேன்.

ஐந்து அட்டைகளையும் பெரியப்பா தன்னுடைய போன் நம்பரில்தான் பதிவு செய்திருந்தார். வீட்டில் யார் எங்கே ஏறி எங்கே இறங்கினாலும் அவர் போனில் இடத்தின் பெயரோடு ஒரு மெசேஜ் வந்து மணி அடிக்கும். எனக்கு அது பெரிய மாயமாக இருந்தது. சேலையூர் டியூஷனுக்குப் போகும்போது மெஷினில் அட்டையை வைத்துவிட்டு, இந்த நிமிஷம் பெரியப்பாவுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். யாரோ கையைப் பிடித்துக்கொண்டு வருவது போல இருக்கும்.

பெரியப்பா ஒரகடத்தில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் ஸ்டோர்ஸ் பொறுப்பாளர். எந்த போல்ட் எந்த அலமாரியில் எந்தத் தட்டில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாராம். தம்பிக்கும் தங்கைக்கும் கல்யாணம் செய்துவைக்கிற அலைச்சலில் தன் கல்யாணத்தை மறந்துவிட்டவர். மேற்குத் தாம்பரத்து வீடு அவர் கட்டியது. எங்களை எல்லாம் அவரவர் தட்டில் பத்திரமாக வைத்திருப்பதுதான் அவருக்குத் தெரிந்த அன்பு. இரவுச் சாப்பாட்டின்போது போனைப் பார்த்துக்கொண்டே, கோபமே இல்லாமல் கேட்பார். "இன்னிக்கு ஏன் சானடோரியத்துல எறங்கின?" அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே, அங்கே ஒரு கடையில் பஜ்ஜி நன்றாக இருக்கும் என்று ஒப்புக்கொள்வார். உனக்குக் கொலஸ்ட்ரால் இருக்கு என்பார் பெரியப்பா. அதற்குப் பிறகு அப்பா பஜ்ஜியை விட்டாரா, தாம்பரத்தில் இறங்கி சானடோரியத்துக்கு நடந்தே போனாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. யாரும் இதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அக்கறை என்றுதான் அம்மா சொன்னாள்.

அத்தை மட்டும் சாப்பிட்டு முடித்ததும் எழுந்து போய்விடுவாள்.

அத்தை அப்பாவின் தங்கை. கல்யாணமாகி இரண்டு வருஷம் வேலூரில் இருந்துவிட்டுத் திரும்பி வந்திருந்தாள். ஏன் வந்தாள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. ஒரு நாள் பெரியப்பா வேன் எடுத்துக்கொண்டு போய், அவளையும் அவள் பீரோவையும் ஏற்றிக்கொண்டு வந்தார் என்பது மட்டும் தெரியும். வழியில் அவளை ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை என்று அம்மா பெருமையாகச் சொல்வாள். அதன் பிறகு அத்தை குரோம்பேட்டையில் ஜிஎஸ்டி ரோட்டில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். வருகிறவர்களை உட்கார வைத்து, எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்லி, பிரேம் காட்டுவாள். வேலை நாட்களில் நீல அட்டையோடுதான் போவாள். ஏறினது குரோம்பேட்டை, இறங்கினது தாம்பரம் என்று பெரியப்பா போனில் ஒழுங்காக மணி அடிக்கும்.

ஞாயிற்றுக்கிழமை வேறு கதை. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் "வெளிய போயிட்டு வரோம்" என்று என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்புவாள். அட்டையை டிவி ஸ்டாண்டு மேல் வைத்துவிட்டு வருவாள்.

"வெளியன்னா எங்கம்மா?" என்பார் பெரியப்பா.

"வெளியதான் அண்ணா."

குழந்தை கூடப் போகிறாளே என்று அவர் விட்டுவிடுவார்.

நாங்கள் கோவளத்துக்குப் போவோம். தாம்பரத்திலிருந்து வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகப் போகும் சாதாரண பஸ். அத்தை கைப்பையின் ஜிப்பைத் திறந்து நோட்டை எடுத்துக் கொடுப்பாள், கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுப்பார், யார் போனிலும் எந்த மணியும் அடிக்காது. கோவளத்தில் இறங்கி, மீன் விற்கிற பெண்களைத் தாண்டி, படகுகளை இழுத்து வைத்திருக்கும் இடத்துக்குப் போவோம். ஒரு படகின் நிழலில் அத்தை உட்காருவாள். நான் நண்டு துரத்துவேன். அவ்வளவுதான். அவள் யாரையும் பார்க்க வரவில்லை. யாரும் அவளைப் பார்க்க வரவில்லை. போனை அணைத்துப் பைக்குள் போட்டுவிட்டு, இரண்டு மணி நேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். சில நாள் சுண்டல் வாங்கித் தருவாள். ஒரு தடவை மணலிலேயே படுத்துத் தூங்கிவிட்டாள். வீட்டில் அவள் அப்படி வாயைத் திறந்துகொண்டு தூங்கி நான் பார்த்ததில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை திரும்பும் நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. பஸ் ஸ்டாப்பில் நனைந்துகொண்டு முக்கால் மணி நேரம் நின்றும் எங்கள் பஸ் வரவில்லை. புதிதாக விட்டிருந்த ஒரு தனியார் ஏசி பஸ்தான் வந்தது. தாம்பரம் என்று போர்டைப் பார்த்ததும் அத்தை என்னை இழுத்துக்கொண்டு ஏறிவிட்டாள். பஸ் நகர்ந்த பிறகுதான் கண்டக்டர் வந்தார். அத்தை இரண்டு டிக்கெட் கேட்டு நோட்டை நீட்டினாள்.

"கேஷ் வாங்கறதில்ல மேடம். கார்டு வைங்க, இல்லன்னா போன்ல ஸ்கேன் பண்ணுங்க."

"கார்டு கொண்டு வரல. போன்லயும் அதெல்லாம் நான் வச்சுக்கல. காசு குடுக்கறேன், டிக்கெட் குடுங்க."

"காசு வாங்கினா என்னால டிக்கெட் போட முடியாது. மெஷின் எடுக்காது."

"மெஷின் எடுக்க வேணாம். நீங்க எடுங்க."

கண்டக்டர் சின்னப் பையன் மாதிரி இருந்தார். சட்டை இன்னும் புது மடிப்பு கலையாமல் இருந்தது. தனக்கு மேலே இருப்பவர்கள் இதைத்தான் சொல்லியிருக்கிறார்கள், தன்னால் ஒன்றும் செய்ய முடியாது, அடுத்த ஸ்டாப்பில் இறங்கிக்கொள்ளுங்கள் என்றார்.

"மழையில குழந்தைய வச்சுக்கிட்டு எறங்க மாட்டேன்," என்றாள் அத்தை. "ஓசியில வரேன்னு சொல்லல. இது செல்லாத நோட்டும் இல்ல. நான் எங்க ஏறினேன், எங்க எறங்கறேன்னு உங்ககிட்ட சொல்லிட்டேன். உங்களுக்குத் தெரிஞ்சா போதும். வேற யாருக்கும் எதுக்குத் தெரியணும்?"

கண்டக்டருக்கு அது புரியவில்லை. எனக்கும் புரியவில்லை. பின் சீட்டிலிருந்து ஒரு பெரியவர், "இன்னாம்மா பேஜார் பண்ணிகினு கீற, கொயந்த நனஞ்சி கீது பாரு" என்றார். யாரோ டிரைவரிடம் வண்டியை எடுக்கச் சொன்னார்கள், வண்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. அத்தை கம்பியைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றாள். நீட்டிய நோட்டை மடக்கவும் இல்லை. அவள் குரலை உயர்த்தவே இல்லை என்பது இப்போது நினைவுக்கு வருகிறது. ஆனால் அன்று எனக்கு பஸ்ஸே எங்களைப் பார்த்துச் சிரிப்பது போல இருந்தது. அழுகை முட்டியது.

முன் சீட்டிலிருந்து ஒரு கல்லூரி மாணவன் எழுந்து, "அக்கா, நான் ஸ்கேன் பண்றேன். காச எங்கிட்ட குடுத்துடுங்க" என்று போனை எடுத்தான். அவன் போனைத் திறப்பதற்குள் எனக்கு அந்த அற்புதமான யோசனை வந்துவிட்டது. கழுத்திலிருந்த பட்டையைத் தூக்கி, நீல அட்டையை மெஷினில் வைத்தேன்.

"ரெண்டு பேருக்கு" என்றேன்.

பீப் என்றது. பஸ்ஸே கலகலத்தது. சமர்த்து என்றார் பின் சீட்டுப் பெரியவர். கண்டக்டர் என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார். நான் பெருமையோடு அத்தையை நிமிர்ந்து பார்த்தேன். அவள் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பக்கத்தில் இழுத்துத் துப்பட்டாவால் தலையைத் துவட்டிவிட்டாள். திட்டவில்லை.

நாங்கள் வீட்டுக்குள் நுழையும்போது பெரியப்பா ஹாலில் உட்கார்ந்திருந்தார். போன் டீப்பாய் மேல் இருந்தது. அப்பா டிவியை அணைத்திருந்தார். அம்மா எனக்குத் துண்டு கொண்டுவந்து கொடுத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

"கோவளத்துக்கு என்ன வேலை?" என்றார் பெரியப்பா.

"போனேன் அண்ணா. வந்துட்டேன்."

"யாரப் பாக்கப் போன?"

அத்தை நனைந்த துப்பட்டாவைப் பிழிந்தாள்.

"வாரா வாரம் கார்ட வச்சுட்டுப் போறப்பவே நெனச்சேன். யாரா இருந்தாலும் சொல்லும்மா. நல்ல பையனா இருந்தா நானே பேசறேன். மறைக்கிறதுதான் எனக்குப் பிடிக்கல."

"நான் எதையும் மறைக்கல. சொல்ல வேணாம்னு நெனக்கிறேன். ரெண்டும் வேற."

"தப்பு பண்ணலன்னா சொல்றதுக்கு என்ன?"

அத்தை செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசல்படிக்குப் பக்கத்திலேயே நின்றாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"வேலூர்லயும் இதே கேள்விதான்," என்றாள். "எங்க போன, யாரப் பாத்த, ஏன் பத்து நிமிஷம் லேட்டு. தெனமும். அதுக்குத்தான் உங்களுக்கு போன் பண்ணி, வந்து கூட்டிட்டுப் போங்கன்னு சொன்னேன்."

பெரியப்பாவின் முகம் மாறிவிட்டது. "அவனும் நானும் ஒண்ணா?" என்றார். அவ்வளவு மெதுவாக அவர் பேசி நான் கேட்டதில்லை. அத்தை ஒண்ணு என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அப்பா தரையைப் பார்த்தார்.

எனக்குத் தாங்கவில்லை. இவ்வளவு பெரிய சண்டை, ஒன்றுமே இல்லாத விஷயத்துக்கு. என்னிடம் ஒரே ஒரு வாக்கியம் இருந்தது. அதைச் சொன்னால் எல்லாம் சரியாகிவிடும். அத்தை என் தோளில் கை வைத்து அழுத்தினாள். அதற்குள் சொல்லிவிட்டேன்.

"பெரியப்பா, நாங்க யாரையும் பாக்கல. சும்மா படகுகிட்ட உக்காந்து கடல் பாத்தோம். எல்லா வாட்டியும் அதான். அத்த போனக்கூட ஆஃப் பண்ணி வச்சிடுவா. சாமி சத்தியமா."

அம்மா சிரித்துவிட்டாள். அப்பா பெருமூச்சு விட்டார். பெரியப்பா என்னை அருகில் அழைத்து, நிஜமாகவா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு, தானும் சிரித்தார். கண் கலங்கியிருந்தது. "இவ்ளோதானா? இதச் சொல்லியிருக்கலாமேம்மா. அடுத்த வாரம் நானே கார் வச்சு எல்லாரையும் கூட்டிட்டுப் போறேன். சாப்பாடு கட்டிக்கலாம்."

ஹாலே இலேசாகிவிட்டது. அத்தையைத் தவிர. அவள் என் தோளிலிருந்து கையை எடுத்தாள்.

"உன்ன யாரு சொல்லச் சொன்னா?" என்றாள்.

சொன்னபடியே அடுத்த ஞாயிற்றுக்கிழமை புளியோதரை கட்டிக்கொண்டு கோவளம் போனோம். அத்தை வரவில்லை. எனக்கு வேலை இருக்கு என்றாள். என்ன வேலை என்று பெரியப்பா கேட்க வாயெடுத்து, கேட்காமல் விட்டார். கடற்கரையில் அவர் பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு என்னோடு அலையில் நின்றார். எந்தப் படகின் நிழலில் அத்தை உட்காருவாள் என்று கேட்டார், காட்டினேன். அங்கே போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தார். இதில் என்ன இருக்கிறது என்பது போலச் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு எழுந்து வந்தார்.

திரும்பி வந்தபோது அத்தை ஹாலில் சூட்கேஸை விரித்து வைத்துத் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நாங்கள் இல்லாத நேரத்தில் போயிருக்கலாம். போகவில்லை, காத்திருந்தாள். குரோம்பேட்டையில் கடைக்குப் பக்கத்தில் பெண்கள் விடுதியில் இடம் பார்த்துவிட்டதாக, எல்லோர் முகத்தையும் பார்த்துச் சொன்னாள். பெரியப்பா என்னென்னவோ சொன்னார். ஊர் என்ன பேசும் என்றார். வேண்டுமானால் அட்டைகளை எல்லாம் தூக்கிப் போட்டுவிடுகிறேன் என்றார். அவர் குரலில் கெஞ்சல் இருந்தது.

"கார்டு உங்க கையில இருந்தாலும் இல்லாட்டியும் நீங்க கேப்பீங்க அண்ணா," என்றாள் அத்தை. "அட்ரஸ் எழுதித் தரேன். எப்ப வேணா வாங்க, சாப்பிட்டுட்டுப் போங்க. ஆனா நான் எங்க போனேன், எங்க வந்தேன்னு மட்டும் கேக்காதீங்க. கேட்டா சொல்ல மாட்டேன். கோயிலுக்குப் போயிருந்தாலும் சொல்ல மாட்டேன்."

மறுநாள் காலையில் அப்பா சூட்கேஸைத் தூக்கிக்கொண்டார். நானும் கூடப் போனேன். தாம்பரம் பஸ் ஸ்டாண்டில் அலுவலக நேரக் கூட்டம். அத்தை முதல் பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்ததற்குக் காத்திருந்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"வர ஞாயித்துக்கெழம எங்க போவ?"

"இன்னும் முடிவு பண்ணல."

"முடிவு பண்ணிட்டு எங்கிட்ட சொல்வியா?"

"மாட்டேன்," என்று சொல்லிச் சிரித்தாள். குனிந்து என் நெற்றியில் முத்தம் கொடுத்துவிட்டு, அப்பாவிடமிருந்து சூட்கேஸை வாங்கிக்கொண்டு கூட்டத்தில் முண்டியடித்து ஏறிவிட்டாள்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அட்டையை வைத்ததற்கும், பெரியப்பாவிடம் உளறியதற்கும் என்னைத் தண்டிக்கிறாள் என்று நினைத்தேன். பஸ் கிளம்பும்போது ஜன்னல் வழியாகக் கையை வெளியே நீட்டி ஆட்டிக்கொண்டே போனாள். நான் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். கோபமாக இருக்கிற ஒருத்தி அப்படிச் சிரிக்க மாட்டாள் என்பது எனக்கு அப்போது தோன்றவே இல்லை.