காரணம் சொல்லுங்க, டீச்சர்

"காரணம் என்ன டீச்சர்? கடைசி நாற்காலி வரைக்கும் கேக்கற மாதிரி சொல்லுங்க!"

பக்கத்து அறையிலிருந்து அந்தக் குரல் வந்ததும் தலைமை ஆசிரியைக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது அவருடைய குரல். அவரோ இங்கே தம் அறையில், கையில் தேநீர்க் கோப்பையோடு, வாயே திறக்காமல் நின்றுகொண்டிருந்தார்.

அடுத்த நொடி சிரிப்பு வெடித்தது. விளையாட்டு ஆசிரியரின் கைவரிசை! ஆசிரியர் அறைக்கும் இவர் அறைக்கும் நடுவே வெறும் பலகைத் தடுப்புதான். மதியம் மேடம் வீட்டுக்குச் சாப்பிடப் போய்விடுவார் என்ற தைரியத்தில் மனிதர் வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தார்.

"நீதிபதி அம்மா, என் பாட்டி இறந்துட்டாங்க!" இப்போது நடுங்கும் குரல்.

"எத்தனாவது பாட்டி சார்?" மறுபடி இவர் குரல்.

அப்படி ஒருமுறை கேட்டது உண்மைதான். இவருக்கே உதட்டோரம் சிரிப்பு எட்டிப் பார்த்தது. நீதிபதி அம்மாவா? பட்டப்பெயர் வேறு வைத்திருக்கிறார்களா, கழுதைகள்!

"போதும் நிறுத்துங்க சார்." அது தமிழாசிரியை. "காலைக் கூட்டத்துல நடக்கற இந்தக் கூத்தாலதான் அந்த சயின்ஸ் பொண்ணு வேலையையே விட்டுட்டுப் போச்சு. வயித்துல இருந்தது கலைஞ்சு, முழுசாத் தேறாம எழுந்து வந்தவ. அவளை எல்லார் முன்னாடியும் நிக்க வச்சு..."

சிரிப்பு பட்டென்று அடங்கியது. இவர் தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்தார்.

அந்த வழக்கத்தை அவர் கெட்ட எண்ணத்தில் கொண்டுவரவில்லை. இளம் ஆசிரியையாக இருந்த காலத்தில் யார் லீவு போட்டாலும் அந்த வகுப்பு இவர் தலையில்தான் விழும். தொண்டை கட்டிப்போகக் கத்திவிட்டு வந்தால் ஒரு தேங்க்ஸ் சொல்ல நாதி இருக்காது. குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுத நாட்கள் உண்டு. நான் தலைமைக்கு வந்தால் இப்படி விடமாட்டேன் என்று அன்றே மனசுக்குள் சபதம் போட்டார்.

வந்தார். வந்ததும் சொன்னார்: லீவு போட்டவர் மறுநாள் காலை ஆசிரியர் கூட்டத்தில் எழுந்து நின்று, காரணத்தைச் சொல்லி, தம் வகுப்பைப் பார்த்துக்கொண்டவருக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் அழகாகத்தான் இருந்தது. கைதட்டினார்கள். போகப் போக நன்றி சுருங்கி, காரணம் நீண்டது. இவரும் குறுக்குக் கேள்வி போடத் தொடங்கினார். போட்டால் எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் பள்ளியில் ஆசிரியர்கள் ஒரே குடும்பம் மாதிரி என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமை வேறு!

அன்று சயின்ஸ் டீச்சர் நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி எழுந்து நின்றாள்.

"உடம்பு சரியில்ல மேடம்."

"உடம்புக்கு என்ன? முகம் பளபளன்னு இருக்கே! லீவு முழுக்க நல்ல தூக்கமோ?"

அறையே கொல்லென்று சிரித்தது. முதலில் சிரித்தது யார்? ஐயோ, நான்தானே!

பிறகு அவள் வேலையை விட்டபோது, "இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்குப் பொறுப்பு ஏது?" என்று நிர்வாகியிடம் அலுத்துக்கொண்டதும் இவர்தான்.

சாயங்காலம் பள்ளி விட்டதும் நேராக அவள் வீட்டுக்குப் போனார். கையைக் காலைப் பிடித்தாவது அவளைத் திரும்ப அழைத்து வந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு நாளைக்குக் கூட்டத்தில் உட்காருவது?

கதவைத் திறந்த கணவன் முகம் இறுகியது. "வாங்க" என்றான், ஒப்புக்கு. முன்னறையில் மடிக்காத துணிகளை ஒதுக்கி இடம் கொடுத்தான். உள்ளேயிருந்து ஈரக்கையைத் துடைத்தபடி வந்த சயின்ஸ் டீச்சர், மேடத்தைக் கண்டதும் சுவரோரம் அப்படியே நின்றுவிட்டாள்.

"உக்காரும்மா." இவர் குரல் உடைந்தது. "உன்னை நிக்க வச்சது போதும். சத்தியமா எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா என் நாக்கை அறுத்துப் போட்டிருப்பேன்!"

அவள் முகத்தில் ரத்தம் வற்றியது. "உங்களுக்கு யார் மேடம் சொன்னது?"

"டீச்சருங்க பேசிக்கிட்டிருந்தாங்க..."

"எல்லாருக்கும் தெரியுமா?" அவள் மெல்ல உட்கார்ந்தாள். "தமிழம்மாகிட்ட மட்டும்தானே சொன்னேன்."

ஆறுதல் சொல்ல வந்த இடத்தில் இன்னொரு காயம். இவருக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"என்னை மன்னிச்சிடு. நீ திரும்பி வா. நாளைக்கே கூட்டத்துல நான் எழுந்து நின்னு, நடந்தது எல்லாத்தையும் சொல்லி, எல்லார் முன்னாடியும் உன்கிட்ட..."

"ஐயோ, வேண்டாம் மேடம்!"

கணவன் ஓரடி முன்னால் வந்தான். "மறுபடியும் எல்லார் முன்னாடியுமா? உங்களுக்கு மன்னிப்பு கேக்கறதுக்குக்கூட கூட்டம் வேணுமா மேடம்?"

செருப்பால் அடித்திருந்தால்கூட இப்படி வலித்திருக்காது.

"நீங்க சும்மா இருங்க," என்று கணவனை அடக்கிவிட்டு அவள் இவர் பக்கம் திரும்பினாள். "மேடம், நீங்க கேட்டதுக்காக நான் வேலையை விடல. அன்னிக்கு எல்லாரும் சிரிச்சப்ப நானும் சேர்ந்து சிரிச்சேன். என் குழந்தை போயிடுச்சு, நான் பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கறேன். அதைத்தான் இப்பவும் என்னால மறக்க முடியல. அந்த அறைக்கு என்னால திரும்ப வர முடியாது."

"அந்த வழக்கத்தையே நிறுத்திடறேன்மா."

"நிறுத்துங்க. ஏன்னு கேப்பாங்க. ஒண்ணும் சொல்லாதீங்க. என்னால உங்க மனசு மாறிச்சுன்னுகூட சொல்ல வேண்டாம்."

"சரிம்மா," என்றார். முன்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு எழுந்தார். யாரும் இன்னும் கொஞ்சம் இருங்கள் என்று சொல்லவில்லை. வாசலில் செருப்புக்குள் கால் நுழைய மறுத்தது. தடுமாறினார்.

"பார்த்து மேடம். கீழ்ப்படி உடைஞ்சிருக்கு," என்றாள் சயின்ஸ் டீச்சர்.

அந்தக் கரிசனத்தைத் தாங்க முடியாமல், திரும்பிப் பார்க்காமலே தலையை ஆட்டிவிட்டு இறங்கினார். பின்னால் கதவு சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது.