கருக்கங்காட்டில் தண்ணீர் உண்டு

சௌந்திரத்துக்கு அரசாங்க வேலை கிடைத்ததைக் கருக்கங்காட்டில் யாரும் நல்ல சேதியாகச் சொன்னதில்லை. பத்தொன்பது வயதில் அவளைத் திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு லாரி டிரைவருக்குக் கட்டிக் கொடுத்தார்கள். இரண்டாம் வருஷமே அவன் நாக்பூர் ரோட்டில் லாரி கவிழ்ந்து போய்விட்டான். பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தவள் வெண்ணந்தூரில் பஸ் ஏறி ராசிபுரம் போய்த் தட்டச்சு படித்தாள், பரீட்சை எழுதினாள். 1977இல் சேலத்தில் குடிநீர்த் திட்டங்களைக் கவனிக்கும் ஓர் அலுவலகத்தில் தட்டச்சராகச் சேர்ந்தாள். உத்தரவு வந்த அன்று அம்மா செல்லாயி அழுதாள். சௌந்திரம் காலை பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரிக்கப் போய்விட்டாள்.

எல்லாவற்றுக்கும் அப்படித்தான். புருஷன் போனதிலிருந்து அவளுக்குள் எதுவும் ஆழமாக இறங்குவதில்லை. நல்லதும் கெட்டதும் பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி காதில் விழும், அவ்வளவுதான். அலுவலகத்தில் இதைப் பொறுமை என்றார்கள். பொறுமையும் இல்லை ஒன்றும் இல்லை, மரத்துப் போயிருந்தாள்.

எண்பத்திரண்டில் மழை பொய்த்தது. எந்த ஊருக்கு முதலில் போர் போட்டுக் கைப்பம்பு வைப்பது என்பதில் சிபாரிசுகள் குவிந்தன. யார் மனதும் நோகாமல் இருக்க மேலிடம் ஒரு வழி கண்டுபிடித்தது. ஊர் ஊராகக் கணக்கெடுத்து, மெட்ராசில் இருக்கும் கணிப்பொறிக்கு அனுப்பினால், அது மார்க் போட்டு வரிசை கொடுத்துவிடுமாம். கணிப்பொறிக்குச் சொந்தக்காரன், சாதிக்காரன் கிடையாது என்று அலுவலகக் கண்காணிப்பாளர் சரவணமுத்து எல்லோரிடமும் சொன்னார். ராசிபுரத்து நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர், கெட்ட மனுஷர் இல்லை. அதைச் சொல்லும்போது அவர் நம்பித்தான் சொன்னார்.

கணக்கெடுக்க வந்தவர் ஒரே நாளில் எட்டு ஊர் முடிக்க வேண்டியவர். கருக்கங்காட்டில் புளியமரத்தடியில் கட்டில் போட்டு, மோர் கொடுத்து, பெரிய பண்ணையக்காரரான அப்புசாமி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். கிணறுகளில் தண்ணீர் எப்படி என்று கேட்டதற்கு, வருஷம் முச்சூடும் இருக்கிறது என்று அவரே பதில் சொன்னார். சுற்றி நின்ற அத்தனை பேரும் தலையாட்டினார்கள். அந்தச் சித்திரையில் பாதிக் கிணறுகளில் பாறை தெரிந்தது. வந்தவர் எட்டிப் பார்க்கவில்லை. எட்டிப் பார்க்கச் சொல்லிப் படிவத்தில் கட்டம் இல்லை.

பொய் சொல்லும் ஊரல்ல அது. ஆனால் அந்தப் பக்கத்தில் மாப்பிள்ளை வீடு பார்க்க வருகிறவர்கள் முதலில் வீட்டுக்குள் நுழைய மாட்டார்கள், காட்டுக்குப் போய்க் கிணற்றைத்தான் எட்டிப் பார்ப்பார்கள். கிணறு வற்றிய ஊருக்குப் பெண் கொடுக்க எவனும் முன்வர மாட்டான். அப்புசாமிக்குக் கல்யாணமாகாத மகன்கள் இரண்டு பேர். சௌந்திரத்தின் அண்ணன் சின்னுசாமிக்கு முப்பத்து மூன்று வயது. கிணறு வற்றிவிட்டது என்று வெளியூர்க்காரனிடம் வாய் திறந்து சொல்வதும், என் மகனுக்குக் காக்காய் வலிப்பு என்று சொல்வதும் அவர்களுக்கு ஒன்றுதான். வந்தவர் சர்க்கார் ஆளா, கல்யாணத் தரகரா என்றெல்லாம் அவர்கள் வித்தியாசம் பார்க்கவில்லை.

படிவம் சௌந்திரத்தின் மேஜைக்கே வந்தது. படிவத்தில் உள்ளதைச் சின்னச் சின்னக் கட்டங்களில் எண்களாக மாற்றி எழுதுவது அவள் வேலை. இருப்பதை மாற்றாதே, யோசிக்காதே, எண்ணை மட்டும் போடு என்று சொல்லித்தான் அவளை அதற்குப் பழக்கியிருந்தார்கள். யோசிக்காமல் இருப்பது அவளுக்குக் கைவந்த கலை. தன் ஊர்க் கிணறுகளில் வருஷம் முழுக்கத் தண்ணீர் இருப்பதாக எண் போட்டுவிட்டு அடுத்த ஊரை எடுத்தாள்.

மெட்ராஸ் கணிப்பொறிக்குக் கருக்கங்காடு அவசரமில்லை. முதலில் சம்பளப் பட்டியல், பிறகு பரீட்சை மார்க், அதன்பின் யார் போன் போட்டுச் சத்தம் போடுகிறார்களோ அவர்கள். தாகத்தின் முறை வருவதற்கு ஒரு வருஷத்துக்கு மேலாயிற்று. அதற்குள் சின்னுசாமிக்குக் கல்யாணமே முடிந்துவிட்டது.

பெண் கண்ணாத்தாள், பரமத்தி வேலூர்க்காரி. காவிரி வாய்க்காலும் வெற்றிலைக் கொடிக்காலும் பார்த்து வளர்ந்தவள். அவளுடைய அப்பா ஐப்பசியில் இரண்டு மழை பெய்த மறுவாரம் வந்து கிணற்றில் ஒரு கல்லைப் போட்டுப் பார்த்தார். தண்ணீர்ச் சத்தம் கேட்டது. திருப்தியாகக் கை நனைத்துச் சாப்பிட்டுவிட்டுப் போனார். தாலியறுத்தவள் நல்ல காரியத்தில் முன்னால் வரக்கூடாதென்று சௌந்திரம் அன்று முழுக்க அடுப்படியிலேயே இருந்தாள். கேட்டிருந்தால் சொல்லியிருப்பாளா என்பது அவளுக்கே தெரியாது.

அண்ணன் பெண்டாட்டியும் நாத்தனாரும் ஒருவரையொருவர் நங்கை என்று கூப்பிடுவது அங்கே வழக்கம். கண்ணாத்தாள் அந்த வார்த்தையை வாய் நிறையச் சொல்வாள். சௌந்திரம் ஆபீசிலிருந்து திரும்பும் நேரத்துக்கு ஒரு சொம்புத் தண்ணீரைத் தனியே எடுத்து மூடி வைத்திருப்பாள், முகம் கழுவ. ஒரு சொம்பு என்றால் கிணற்றின் பாதிப் படிக்கட்டு. பாறைச் சுவரில் நீட்டியிருக்கும் கல்படிகளில் அடிவரை இறங்கி, ஊறிக் கிடப்பதைக் கொட்டாங்குச்சியால் மொண்டு குடம் நிரப்பி, இடுப்பில் வைத்துக்கொண்டு ஏற வேண்டும். அவள் அப்பாவைப் பற்றியோ காவிரியைப் பற்றியோ ஒரு பேச்சுப் பேசியதில்லை.

ஒருநாள் மட்டும் கேட்டாள்.

"ஏனுங் நங்கை, நீங்க வேல பாக்கற எடத்துலதான பம்பு குடுக்கறாங்களாமா. நம்மூரச் சொல்லக் கூடாதுங்களா?"

மெட்ராசிலிருந்து பட்டியல் வந்திருந்தது. இரண்டு பக்கமும் ஓட்டை போட்ட, பாய் அகலக் காகிதம். கருக்கங்காட்டின் பேரைத் தேட சௌந்திரம் கடைசித் தாளுக்குப் போக வேண்டியிருந்தது. சரவணமுத்துவிடம் கேட்டாள். ஊர்க்காரர்கள் ஐந்து பேர் எங்கள் கிணறு வற்றிவிட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், திருத்தம் போட்டு மறுபடி அனுப்பலாம் என்றார். அவரால் அவ்வளவுதான் முடியும், அதைச் செய்யவும் தயாராயிருந்தார்.

சௌந்திரம் அப்புசாமியிடம் போனாள். அவர் கோபப்படவில்லை, மெதுவாகத்தான் சொன்னார்.

"எழுதிக் குடுத்தா அது ஊரு ஊராப் போவும் சாமி. எம்பசங்க ரெண்டு பேரும் இன்னும் நிக்கறானுங்க. பொண்ணு வரட்டும், அப்பறம் பாத்துக்கலாம்."

மற்ற நாலு வீட்டிலும் இதையே வேறு வார்த்தைகளில் சொன்னார்கள். அண்ணனிடம் கேட்டாள். அவனுக்குப் பெண் வந்துவிட்டதுதான், ஆனால் மாமனார் காதுக்கு எட்டினால் என்ன மரியாதை என்று அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவள் வற்புறுத்தவில்லை. ஆகவில்லை என்று கண்ணாத்தாளிடம் சொன்னாள். கண்ணாத்தாளும் சரியென்று குடத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

எண்பத்தாறு சித்திரையில், அப்படி ஏறும்போது மேலிருந்து மூன்றாவது படியில் கண்ணாத்தாளுக்குக் கால் வழுக்கியது. கூட இரண்டு பெண்கள் இருந்தார்கள், பார்த்தார்கள். கீழே பாறை. முழுகிச் சாகக்கூட அந்தக் கிணற்றில் தண்ணீர் இல்லை.

போலீஸ் வந்து எழுதிக்கொண்டு போனது. பரமத்தி வேலூரிலிருந்து வந்த அவளுடைய அப்பா அந்தக் கிணற்றை மறுபடி எட்டிப் பார்த்தார், யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை. சௌந்திரம் காரியம் முடிந்ததும் வேலைக்குப் போனாள். அழுகை வரும் என்று பஸ்ஸில் காத்திருந்தாள், வரவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து, முகம் கழுவாமலே உட்கார்ந்திருந்தாள்.

மறுவருஷமும் வறட்சி. இதற்குள் கணிப்பொறி சேலத்துக்கே வந்துவிட்டது. அதற்குக் குளிர் அறை, கதவுக்கு வெளியே செருப்பு விட வேண்டும். மின்சாரம் போனால் காலையிலிருந்து அடித்ததெல்லாம் போச்சு, மறுபடி முதலிலிருந்து. தட்டச்சு தெரிந்தவர்களை அதற்கு மாற்றினார்கள், சௌந்திரமும் போனாள். புதிதாகக் கணக்கெடுப்பு நடந்தது. இந்த முறை படிவத்தில் ஒரு கட்டம் கூடியிருந்தது: ஐந்து வருஷத்தில் தண்ணீர் எடுக்கப் போய் இறந்தவர் எத்தனை பேர்? அந்தக் கட்டத்துக்குத்தான் அதிக மார்க்.

கருக்கங்காட்டுப் படிவம் வந்தபோது அதில் கிணறுகளில் வழக்கம்போலத் தண்ணீர் இருந்தது. இறந்தவர் யாருமில்லை.

யாரைக் கேட்டு எழுதினார்கள் என்பது அவளுக்குத் தெரியும். கேட்க வந்த ஆளுக்கு மோர் கொடுத்ததே அவளுடைய அம்மாதான். சின்னுசாமிக்குக் குமாரபாளையம் பக்கத்தில் இரண்டாந்தாரமாக ஒரு பெண் பேசிக்கொண்டிருந்தார்கள். முதல் சம்சாரம் எப்படிப் போனாள் என்று அங்கே கேட்டதற்குக் காய்ச்சல் என்று சொல்லியிருந்தார்கள். கிணற்றில் செத்தாள் என்றால் விழுந்தாளா, தள்ளினார்களா, தானே குதித்தாளா என்று கேள்வி நீளும். அம்மாவுக்கு மகன் வாழ வேண்டும். அதில் என்ன தப்பு என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது.

சௌந்திரம் அந்தப் படிவத்தைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். இருப்பதை மட்டும் அடிக்க வேண்டும். பத்து வருஷமாக அதைத்தான் செய்தாள். அன்று விரல்கள் வேறு எண்களை அடித்தன. தைரியம் என்று அதைச் சொல்ல முடியாது. தடதடவென்று எதுவும் அடித்துக்கொள்ளவில்லை, கை மட்டும் சில்லென்றிருந்தது, அதுகூடக் குளிர் அறையாலாக இருக்கலாம்.

ஆனால் ஒருவர் அடித்ததை இன்னொருவர் தனியாக மறுபடி அடிப்பார். இரண்டும் ஒத்துவராவிட்டால் கணிப்பொறி நின்றுவிடும். கருக்கங்காட்டில் நின்றது. சரவணமுத்து இருவரையும் கூப்பிட்டுப் படிவத்தைப் பார்த்தார். மறுபடி அடித்த பெண்ணுடையது படிவத்தோடு ஒத்திருந்தது. சௌந்திரம் தவறே செய்யாதவள் என்பதால் அவர் அவளைத் திட்டவில்லை, கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஏன் என்று கேட்டார்.

"செத்தது எங்க நங்கைங்க," என்றாள்.

அவர் அந்தப் பெண்ணை வெளியே அனுப்பினார். மெஷினுக்குக் காரணம் வேண்டாம், எனக்கு வேண்டும் என்றார். ஐந்து பேரைக் கேட்காமல், அந்த ஊரில் குடியிருப்பவளாக அவளையே எழுதித் தரச் சொன்னார். போலீசில் பதிவானதைத் தாமே விசாரித்துச் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார். அவள் எழுதினாள். கிணறுகள் வற்றிவிட்டன, இந்தத் தேதியில் இன்னார் மனைவி இன்னார் தண்ணீர் எடுக்கப் போய் இறந்தாள், கீழே கையெழுத்து. ஐந்து வருஷமாக ஓர் ஊரே எழுத மறுத்ததை எழுத, அரைப் பக்கம் போதுமானதாயிருந்தது.

புதுப் பட்டியலில் கருக்கங்காடு இரண்டாவதாக வந்தது.

எண்பத்தெட்டு மாசியில் போர் போடும் திருச்செங்கோட்டு ரிக் லாரி வந்தது. ஊரே கூடி நின்று வெள்ளைப் புழுதியில் குளித்தது. சாயங்காலம் வாக்கில் புழுதி சேறாகி, சேறு தண்ணீராகிப் பீய்ச்சியடித்தது. அப்புசாமி வேட்டி நனைய நின்று சிரித்தார். சர்க்காருக்கு இப்போதாவது கண் திறந்ததே என்றார். மறுவாரம் கைப்பம்பு பொருத்தினார்கள். அன்று சௌந்திரம் லீவு போட்டிருந்தாள்.

கூட்டம் கலைந்த பிறகு அம்மா குடத்தோடு வந்தாள். சௌந்திரம் கைப்பிடியை அடித்தாள், அம்மா குடத்தைப் பிடித்துக்கொண்டாள். அம்மா சந்தோஷமாயிருந்தாள். குமாரபாளையத்துக்காரர்கள் புதன்கிழமை வருகிறார்கள், பம்பை முதலில் காட்டிவிடலாம் என்றாள். பிறகுதான் அவளுக்கு அந்தச் சந்தேகம் வந்தது.

"அக்கம்பக்கத்து ஊருக்கெல்லாம் வராம நமக்கு மொதல்ல வந்துருக்குது. நீ என்னத்த எழுதிக் குடுத்த கண்ணு?"

"கண்ணாத்தாள எழுதிக் குடுத்தனுங்கம்மா."

குடம் நிரம்பி வழிந்தது. சௌந்திரம் அடிப்பதை நிறுத்தினாள். அம்மா குடத்தை எடுக்கவில்லை. புதன்கிழமை வருகிறவர்களைப் பற்றித்தான் கேட்பாள், ஏசுவாள் என்று சௌந்திரம் நின்றாள். அம்மா தண்ணீரையே பார்த்தபடி, தலை நிமிராமல் கேட்டாள்.

"அவ பேரு இருக்குதா அந்த மெசின்ல?"

"பேருக்கு எடமில்லீங்கம்மா," என்றாள் சௌந்திரம். "ஒண்ணுன்னு போட்டேன்."